மாமல்லையில் கற்ற பாடம்

மேற்கு மாம்பலவாசிகளுக்குக் கடல் தொலைவில் இல்லை. கடலைக் காணத்தான் நேரம் இல்லை. ஆரிய கவுடா சாலையின் காய்கறிக் கடைகள், அயோத்தியா மண்டபத்தின் மாலைச் சொற்பொழிவுகள், மாம்பலம் இரயில் நிலையத்தின் நெரிசல் என்று இவற்றுக்குள்ளேயே வாரம் கழிந்துவிடுகிறது. இங்கு லேக் வியூ சாலை என்றொரு சாலை உண்டு. இன்று அங்கே ஏரியும் இல்லை, ஏரிக் காட்சியும் இல்லை. 1923ஆம் ஆண்டு தொடங்கி அந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். நீர் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

“ஒரு நாளாவது குடும்பத்தோடு எங்கேனும் போய் வருவோமே, சுவாமி” என்று நம் பங்கு மக்கள் சிலர் கேட்டபோது, மாமல்லபுரம் என்று முடிவாயிற்று. முன்பொரு முறை ஐம்பது பேர் கொண்ட பேருந்தில் அங்கு சென்று பட்ட பாடு நினைவுக்கு வந்தது. வழிகாட்டி பேசியது முன்னால் நின்ற பத்துப் பேருக்கு மட்டுமே கேட்டது. பின்தங்கியவர்களுக்காகக் காத்திருந்ததில் ஒரு மணி நேரம் போயிற்று; விருப்பமில்லாத கடையொன்றில் இறக்கிவிடப்பட்டதில் இன்னொரு மணி நேரம் போயிற்று. ஆதலால் இம்முறை பன்னிருவர் மட்டும் ஒரு வேனில் செல்வதென்று தீர்மானித்தோம். எங்களோடு அடுத்த தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற இந்துத் தலைமையாசிரியர் ஒருவரும், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தியும் சேர்ந்துகொண்டார்கள். அந்தச் சிறுமி நம் பங்கிலுள்ள தன் தோழியோடு சில ஞாயிறுகளில் கோயிலுக்கு வருபவள். அவள் வருகை நமக்கு என்ன கொண்டுவரும் என்பதை அப்போது நாம் அறியவில்லை.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, துரைசாமி சுரங்கப்பாதையைக் கடந்து, சைதாப்பேட்டை, அடையாறு, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். 1966ஆம் ஆண்டு கே. சி. எஸ். பணிக்கர் முன்நின்று அமைத்த சோழமண்டல ஓவியர் கிராமமும், முட்டுக்காட்டுக் காயலும், 1976இல் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்சென்றன. எட்டு மணிக்கெல்லாம் மாமல்லபுரத்தில் இறங்கினோம். வெயில் ஏறுமுன் கற்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது அனுபவசாலிகள் சொன்ன அறிவுரை.

அரசு உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். அவ்வூர்க்காரர், தந்தையார் சிற்பியாம். கூலியை முதலிலேயே பேசி முடித்த பின் அவர் கூறியது எங்களை வியப்பிலாழ்த்தியது. “ஐயா, நான் இரண்டு விதமாகப் பேசுவேன். ‘தெரியும்’ என்று சொன்னால் அதற்குக் கல்லோ கல்வெட்டோ சாட்சி இருக்கும். ‘சொல்வார்கள்’ என்று சொன்னால் அது கதை. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.” தலைமையாசிரியர் தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நல்ல பாடத்திட்டம்” என்றார்.

முதலில் ஐந்து இரதங்கள். அவை பாண்டவர் பெயரையும் திரௌபதியின் பெயரையும் தாங்கி நின்றாலும், அந்தப் பெயர்கள் பிற்காலத்தவர் இட்டவை; பாரதக் கதைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தெரிந்த செய்தி அதனினும் பெரிது. ஏழாம் நூற்றாண்டில், மாமல்லன் என்ற சிறப்புப் பெயர் கொண்ட முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில், தரையிலிருந்து எழுந்து நின்ற பாறைகளையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயில் வடிவமாக்கினார்கள். கட்டடம் கட்டுவோர் அடித்தளத்திலிருந்து மேலே போவார்கள். இவர்களோ சிகரத்திலிருந்து கீழே வந்தார்கள். மேல்பகுதி நேர்த்தியாக முடிந்திருக்க, அடிப்பகுதி கரடுமுரடாக நிற்பதே அதற்குச் சான்று என்று சுட்டிக்காட்டினார். முடிவுறாமல் விடப்பட்ட வேலைதான், வேலை நடந்த முறையை நமக்குச் சொல்கிறது!

அடுத்து, ஏறத்தாழ 95 அடி நீளமும் 40 அடிக்கு மேற்பட்ட உயரமும் கொண்ட அந்தப் பெரும் பாறைச் சிற்பத்தின் முன் நின்றோம். அருச்சுனன் தவம் என்பார் சிலர். பகீரதன் தவத்தால் கங்கை இறங்கிய காட்சி என்பார் சிலர். “எது சரி?” என்று சிறுமி கேட்டாள். “அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள், அம்மா. பாறையின் நடுவே ஒரு பிளவு இருக்கிறது, பார். அதில் நாகர்கள் இருக்கிறார்கள். மேலே நீர் தேக்கிய தொட்டியின் தடயம் இருக்கிறது. இவ்வளவும் தெரியும். மிச்சத்தை நீயே யோசி” என்றார் அவர். ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தூக்கித் தவம் புரியும் பூனையையும், அதைச் சுற்றி அச்சமின்றி விளையாடும் எலிகளையும் காட்டியபோது பெரியவர்களும் குழந்தைகளாகிவிட்டார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில், சரிவான பாறை மேல் உருளாமல் நிற்கிறது அந்த உருண்டைக் கல். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை என்று பயணிகளும், வானிறைக்கல் என்று தமிழ் ஆர்வலர்களும் அழைப்பது. 2019ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன் நின்று எடுத்துக்கொண்ட படத்தை உலகமே பார்த்தது. நாங்கள் அருகில் போய் நின்றதுதான் தாமதம், சிறுமி உரத்த குரலில், “சுவாமி, நீங்கள் பூசையில் சொன்னீர்களே, கவர்னர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையாத கல், அது இதுதானே?” என்றாள்.

உண்மைதான். எத்தனையோ ஆண்டுகளாக நம் மறையுரைகளில் அக்கல் உருண்டிருக்கிறது. 1908ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் ஆர்தர் ஹேவ்லாக் ஆணையிட்டார், ஏழு யானைகள் இழுத்தன, கல் அசையவில்லை. நம் விசுவாசமும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று முடிப்போம். கேட்போர் தலையசைப்பார்கள். நமக்கும் மனநிறைவாக இருக்கும்.

வழிகாட்டி சற்றுத் தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில், “அது ‘சொல்வார்கள்’ வகையைச் சேர்ந்தது, ஐயா. ஹேவ்லாக் 1896 முதல் 1900 வரைதான் இங்கு ஆளுநர். 1908இல் ஆளுநராக இருந்தவர் ஆர்தர் லாலி. ஆண்டும் ஆளும் பொருந்தவில்லை. என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்களே சொல்லிப் பரப்பியதுதான், உங்கள் மேல் தவறில்லை” என்றார். அவர் அன்போடுதான் சொன்னார். ஆயினும் பங்கு மக்கள் பத்துப் பேர் எதிரில் நம் முகம் சிவந்தது. யாரும் நம்மைப் பார்க்கவில்லை. எல்லாரும் கல்லையே பார்த்தார்கள். அதுவே நமக்கு மேலும் கூச்சத்தைத் தந்தது.

அவர் தொடர்ந்தார்: “கதை இல்லாமலே இந்தக் கல் பெரியது, ஐயா. சுமார் 250 டன் எடை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இத்தனை எடையும் சரிவில் சிறிய இடத்தையே தொட்டுக்கொண்டு நிற்கிறது. மனிதர் கொண்டுவந்து வைத்ததல்ல. காற்றும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகள் தேய்த்து உண்டாக்கிய உருவம்.” பக்கத்துப் பாறைகளில் வரிசையாகத் துளைகள் தெரிந்தன. அத்துளைகளில் மர ஆப்புகளை அடித்து நீர் ஊற்றினால் மரம் ஊதிப் பாறை பிளக்கும். பழைய கல் தச்சர்கள் கல்லைப் பிளந்த முறை அது என விளக்கினார். உளி ஓசை அவ்வூரில் இன்றும் அடங்கவில்லை. 1957ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுச் சிற்பக் கல்லூரி அங்கு நடைபெறுகிறது. அவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. சிற்பக் கடை ஒன்றின் வாசலில் அவர் நின்று, “இங்கே நீங்கள் வாங்கினால் எனக்குப் பங்கு உண்டு. தெரிந்துகொண்டு வாங்குங்கள்” என்றார். அவ்வாறு சொன்ன பிறகு வாங்காமல் வந்தவர் எங்களில் இருவரே!

பகலுணவு வேளையில் நாம் அதிகம் பேசவில்லை. ஆளுநரின் பெயரை ஒரு நூலில் புரட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் நமக்குக் கற்பித்தவர்கள், சான்று கேட்கும் பழக்கத்தையும் சேர்த்தே கற்பித்தார்கள். நல்ல நோக்கத்துக்காகச் சொல்கிறோம் என்ற எண்ணம் அந்தப் பழக்கத்தை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. மேடையேறிப் பேசுபவனும் ஒரு வழிகாட்டிதான். கேட்பவர் குறுக்கே கேள்வி கேட்பதில்லை என்ற வசதி மட்டும் அவனுக்குக் கூடுதல்.

மாலை மூன்று மணிக்குக் கடற்கரைக் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. இரதங்களைப்போல் ஒரே பாறையில் குடைந்ததன்று, கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. மாமல்லபுரச் சின்னங்கள் 1984ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. உப்புக்காற்று சிற்பங்களின் முகங்களை வழித்துவிட்டிருந்தது. இவ்விடத்தில் ஏழு கோயில்கள் இருந்தன, ஆறினைக் கடல் கொண்டது என்பது ஐரோப்பிய மாலுமிகள் நாளிலிருந்து வழங்கி வரும் கதை. “இதுவும் ‘சொல்வார்கள்’தானே?” என்று சிறுமி முந்திக்கொண்டாள். வழிகாட்டி சிரித்தார். “பாதி. 2002ஆம் ஆண்டு முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தபோது, கடலடியில் மனிதர் வெட்டிய கற்களும் சுவர்போன்ற பகுதிகளும் தென்பட்டன. ஆறு கோயில்களா என்பது மட்டும் தெரியாது. கதை என்றால் பொய் என்று தள்ளிவிடக் கூடாது, பாப்பா. தேடிப் பார்க்க வேண்டும்.”

எங்களோடு வந்த இளைஞர் இருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு அலையை நோக்கி நடந்தார்கள். அதுவரை மென்மையாகப் பேசியவரின் குரல் சட்டென்று மாறியது. “வேண்டாம். இங்கே குளித்துத் திரும்பாதவர்கள் உண்டு. இது ‘தெரியும்’ வகை” என்றார். இளைஞர்கள் மறுபேச்சின்றித் திரும்பினார்கள். காலையிலிருந்து அளந்து பேசியவரின் சொல்லுக்கு ஆபத்து வேளையில் எத்தனை எடை!

திரும்பும் வழியில் சாளுவன்குப்பத்தில் நின்றோம். புலிக்குகை என்பது புலியுமில்லை, குகையுமில்லை. யாளித் தலைகள் சூழ்ந்த கல் மண்டபம். அருகிலேயே முருகன் கோயிலின் அடித்தளம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எத்தனையோ குடும்பங்களை அழித்தது. அதே அலை மணலை அரித்துக் கல்வெட்டுகளை வெளிப்படுத்தியது. அவை தந்த குறிப்பைக் கொண்டு 2005இல் தொல்லியல் துறையினர் தோண்டியபோது இக்கோயில் கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்தின் கீழே அதனினும் பழைய செங்கல் கோயில். அதைச் சங்க காலத்தது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மாண்டோரை எண்ணி அங்கே சற்று மௌனமாக நின்றோம்.

கடைசியாகக் கோவளம். 1752ஆம் ஆண்டு கிளைவ் கைப்பற்றிய கோட்டை இருந்த கரையில் இன்று பெரிய கடற்கரை விடுதி இருக்கிறது. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை, அலைச்சறுக்குப் பழகும் பிள்ளைகள், வலை உலர்த்தும் மீனவர்கள், ஒரு தர்கா, அப்பால் கார்மேல் அன்னை ஆலயம். அதன் வாசலில் வழிகாட்டி கைகட்டி நின்று, “இங்கே ஐயாதான் வழிகாட்டி” என்றார்.

ஆலயத்துள் ஜான் டி மாண்டியின் கல்லறை இருக்கிறது. இளைஞர் ஒருவர், “பேய்ப் படத்தில் வந்த டிமான்ட்டி இவர்தானா, சுவாமி?” என்று கேட்டார். 2015ஆம் ஆண்டு அப்பெயரில் படம் வந்தது. ஆழ்வார்பேட்டைப் பக்கத்து டிமான்ட்டி காலனி பற்றி எத்தனையோ பேய்க் கதைகள் உலவுகின்றன. கேட்போர் மனம் உருகும்படி அவரைப் பற்றிச் சொல்ல நம்மிடமும் ஒரு கதை இருந்தது. நாவின் நுனி வரை வந்த அதை விழுங்கினோம். “தெரிந்தது இவ்வளவு: அவர் போர்ச்சுகீசிய வழி வந்த வணிகர். 1808இல் இவ்வாலயத்தைக் கட்டினார். 1821இல் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். தம் சொத்துக்களைத் திருச்சபையின் அறப்பணிகளுக்கு விட்டுச் சென்றார். பேய் என்பது ‘சொல்வார்கள்’” என்றோம். சிறுமி, வழிகாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். பட்டமளிப்பு விழாவில்கூட நாம் அத்தனை மகிழ்ந்ததில்லை.

இரவு எட்டு மணிக்கு மாம்பலம் வந்து சேர்ந்தோம். சேர்ந்து போக எண்ணும் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது சிறிதே: சிறு குழுவாகப் போங்கள், விடியலில் புறப்படுங்கள், உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்திக் கூலியை முன்னரே பேசுங்கள், அவரிடம் ‘இது தெரியுமா, சொல்வார்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த ஞாயிறு மறையுரையின் தொடக்கத்தில், ஏழு யானைக் கதையில் நாம் சொன்ன ஆண்டும் ஆளும் பொருந்தவில்லை என்பதைச் சபையார் முன் ஒப்புக்கொண்டோம். கோயிலில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பூசை முடிந்து வெளியே வந்தபோது, முன்வரிசையில் வழக்கமாக அமரும் பாட்டியம்மா ஒருவர் கைகூப்பி நின்றார். “யானை இழுத்ததோ இல்லையோ, அந்தக் கல் இன்னும் அங்கேயே இருக்கிறதல்லவா, சுவாமி?” என்று கேட்டார்.

“இருக்கிறது, அம்மா. நேரில் பார்த்தோம்” என்றோம்.