மேசையிற் கேட்ட தாளம்

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று வேண்டியபொழுது, தமிழாசிரியன் ஒருவனிடம் அவர்கள் எதனை எதிர்பார்த்திருப்பர் என்பதை நான் அறிவேன். நாவலர் பெருமானின் உரைநடைச் சிறப்பு, அன்றேல் கம்பன் கவிநயம். அவ்விரு பொருளிலும் என்னினும் வல்லார் எம் கல்லூரியின் பழைய மாணவருள்ளே பலர் உளர். ஆதலின், பெரியோர் பொறுத்தருள்வாராக, இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள், மேலைநாட்டு இளைஞர் சிலர் மின்கிற்றாரும் முழவும் கொண்டு வாசிக்கும் ஒருவகை இசை. 'கணித றொக்' என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டவுடன் கணித ஆசிரியர் மகிழ்வர்; சங்கீத ஆசிரியர் முகஞ்சுளிப்பர். எனக்கோ அது யாப்பிலக்கண வகுப்பின் வழியாக வந்து சேர்ந்தது.

உயர்தர வகுப்பில் வெண்பாவின் இலக்கணம் நடந்துகொண்டிருந்தது. ஈற்றடி முச்சீரால் வரும், ஏனைய அடிகள் நாற்சீரால் வரும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் மேசையில் தட்டுவது புதிதன்று. நான் அதனைப் பெரிதுபடுத்துபவனுமல்லன். ஆனால் அன்றைய தட்டு என் செவியை உறுத்தியது. இருளில் படியிறங்குபவன், இருக்குமென்று எண்ணிய கடைசிப் படி இல்லாதபோது திடுக்கிடுவானே, அதுபோன்ற ஓர் உணர்வு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உண்டாயிற்று.

"தட்டுவதென்றால் தாளத்தோடாவது தட்டும். ஏன் பிழைபிழையாகத் தட்டுகிறீர்?" என்றேன். வகுப்புச் சிரித்தது.

"பிழையில்லை, சேர். அது ஏழு," என்றான் அவன்.

எதிர்த்துப் பேசுகிறான் என்று எண்ணினேன். மணி அடிக்கும்வரை விறாந்தையில் நிற்கும்படி அனுப்பிவிட்டு, வெண்பாவுக்குத் திரும்பினேன்.

மாலையில் வீடு திரும்புகையில், மோட்டார்ச் சைக்கிளின் கைபிடியில் என் விரல்கள் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன. தகிட, தகதிமி, தகிட, தகதிமி. மூன்றும் நான்கும். ஏழேதான். பையன் சொன்னது சரி. பிழை என் செவியில் இருந்தது. இக்கல்லூரியின் ஆசிரியர் அனைவருள்ளும் அப்பிழையைச் செய்வதற்கு நியாயம் மிகக் குறைந்தவன் நானே. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

மறுநாள் அவனை அழைத்து, "நேற்றுத் தட்டியது எந்தப் பாட்டு?" என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, "நான் கட்டினது, சேர்," என்றான். வெளிநாட்டிலுள்ள தமையன் அனுப்பிய கிற்றார் ஒன்று அவனிடம் உண்டு. கேட்டுக் கேட்டுத் தானே பழகியிருக்கிறான். அதன்பின் சில வாரங்கள், இடைவேளைகளிலே, அவனுடைய கைத்தொலைபேசியின் செவிக்கருவியொன்றை நான் ஒரு காதிலும் அவன் ஒரு காதிலும் வைத்துக்கொண்டு கேட்டோம். ஆசிரியர் அறையிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அறியேன்.

அவன் வழியாக நான் அறிந்தவற்றைச் சொல்லுகிறேன். றொக் இசையிற் பெரும்பாலானது நான்கின் கணக்கில் அமைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மீண்டும் ஒன்று. ஆடுவோர் காலுக்கும் கைகொட்டுவோர் கைக்கும் அது எளிது. தமிழ் யாப்பிலும் நாற்சீரடிக்கு அளவடி என்றே பெயர். ஐந்து சீர் வந்தால் நெடிலடி, அதற்குமேல் கழிநெடிலடி. சீரும் தாள எண்ணிக்கையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. மாணவர் பரீட்சையில் அவ்வாறு எழுதிவிடலாகாது. ஆயினும் அளவு என்ற எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே. கணித றொக் வாசிப்போர் அந்த அளவடியை விட்டு, ஐந்திலும் ஏழிலும் பதினொன்றிலும் பதின்மூன்றிலும் நடப்பவர்கள். நடந்துகொண்டே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுபவர்கள்.

இவ்விசை 1990களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் உருவாயிற்று. கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரின் சிலின்ற் என்ற குழுவினர் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பைடர்லான்ட்' என்ற இசைத்தட்டை முன்னோடிகளுள் ஒன்றாக வைத்து எண்ணுவர். அதே ஆண்டில் பிற்ஸ்பேர்க் நகரில் டொன் கபலேரோ என்ற குழு தோன்றியது. அவர்கள் பாடகரையே வைத்துக்கொள்ளவில்லை. முழவே முன்னின்று பேசும். பெயரோ கேலியாகப் பிறந்தது. அக்காலத்து இசைஞர் மாட் சுவீனி சொன்ன கதையின்படி, அவருடைய நண்பர் ஒருவர் பாட்டு நடக்கும்போது முகத்தில் எவ்வித உணர்ச்சியுமின்றி நின்று, முடிந்ததும் கணிப்பானை எடுத்து, பாட்டு எவ்வளவு நன்று என்று கணக்குப் பார்ப்பதாக வேடிக்கை செய்வாராம். கேலிப் பெயர் நிலைத்துவிட்டது. இவ்விசையினர் பலர் அப்பெயரை விரும்புவதில்லை என்று என் மாணவன் கூறினான். அவனும் விரும்பவில்லை. பின்னர் இவ்விசை யப்பானுக்குச் சென்று அங்கே நன்கு வேர்விட்டது. 2000ஆம் ஆண்டு தோக்கியோவில் அமைந்த 'தோ' என்ற குழுவின் முழவு வாசிப்பை அவன் எனக்குக் கேட்பித்த நாளில், இடைவேளை முடிந்த மணியோசை எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.

ஏழு ஏன் என்னைத் திடுக்கிட வைத்தது என்று பல நாள் சிந்தித்தேன். திருக்குறளும் ஏழு சீரன்றோ? பாலர் வகுப்பு முதலாக நாற்சீரும் முச்சீருமாக ஏழிலே ஓதி வளர்ந்தவனுக்கு ஏழு அந்நியமாவது எங்ஙனம்? ஒருநாள் காலைப் பிரார்த்தனையிற் பிள்ளைகள் சேர்ந்து குறள் ஓதியபோது விடை கிடைத்தது. ஈற்றிலே ஒரு சீரளவு மௌனம் விட்டு அடுத்த குறளைத் தொடங்குகின்றார்கள். ஏழை நாம் மௌனத்தால் எட்டாக்கிக் கொள்கிறோம்! அந்த மௌனத்தைத்தான் என் மாணவன் தர மறுத்தான். ஏழு முடிந்த கணமே அடுத்த ஒன்று வந்து நிற்கிறது. இல்லாத படி அதுவே.

இவ்வித எண்ணிக்கைகள் மேலைநாட்டார்க்கு முற்றும் புதியனவுமல்ல. ஜாஸ் இசைஞர் டேவ் புரூபெக் 1958ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஏற்பாட்டிற் கீழைநாடுகளிற் சுற்றியபோது, இசுதான்புல் வீதியில் வாத்தியகாரர் சிலர் ஒன்பதின் கணக்கில் வாசிக்கக் கேட்டார். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரியும் ஒன்பது. அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட இசைத்தட்டில் அந்த ஒன்பதும் இடம்பெற்றது; அவர் குழுவினரான போல் டெஸ்மண்ட் இயற்றிய, ஐந்தில் அமைந்த 'ரேக் ஃபைவ்' என்பதும் இடம்பெற்றது. அந்த 1958ஆம் ஆண்டுச் சுற்றுலாவில் அவர் நம் இலங்கைக்கும் வந்துபோனார் என்பது பழைய மாணவருள் மூத்தோர்க்கு நினைவிருக்கலாம். 1972இல் ஸ்ரீவ் றைக் என்பவர் இருவர் கைகளால் மட்டும் கொட்டும் இசையொன்றை ஆக்கினார். பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட ஒரே கொட்டை இருவரும் தொடங்குவர். ஒருவர் மாறாது நிற்க, மற்றவர் ஒவ்வோர் எண்ணிக்கையாக விலகிச் சென்று, பன்னிரண்டாவது விலகலில் மீண்டும் வந்து சேர்வார். இதனை நான் வகுப்பில் இரு பகுதியாகப் பிரித்துச் செய்வித்துப் பார்த்தேன். மூன்றாவது விலகலில் வகுப்புச் சந்தையாயிற்று. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

கணக்கின் அழகை எனக்கு உணர்த்தியது 'கிங் கிறிம்சன்' என்ற ஆங்கிலேயக் குழு. கணித றொக்குக்கு மூத்தவர்கள் அவர்கள். 1981இல் வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டொன்றில் இரு கிற்றார்கள் ஒரே வரிசையை வாசிக்கத் தொடங்கி, ஒன்று ஒரு சுரத்தை விட்டுவிடுவதால் மெல்ல மெல்லப் பிரிகின்றன. "ஒருவர் பதின்மூன்றும் மற்றவர் பதினான்கும் விடாமல் வாசித்தால், சேர், எப்ப திரும்பச் சந்திப்பினம்?" என்று என்னைச் சோதித்தான் மாணவன். பொது மடங்குகளுட் சிறியது காண வேண்டும். நூற்றெண்பத்திரண்டு என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அவன் சிரித்துவிட்டான்.

நம் சங்கீதத்தோடு இதனை ஒப்பிடுவோர், "எங்களிடம் இல்லாததா?" என்று உடனே சொல்லிவிடுவர். திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீரணம் என்று மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது எல்லாம் நம்மிடம் உண்டு; மறுக்கவில்லை. ஆயினும் வேறுபாடு பெரிது. நம் தாளம் மாறாது நிற்கும். வித்துவான் அதனுள்ளே எத்தனை கணக்குப் போட்டாலும் கோர்வை முடிந்து எடுப்பிலே வந்து விழுவார். கையிலே தாளம் போட்டுக்கொண்டிருக்கும் இரசிகன் அந்த இடத்திலே தலையசைப்பான். அங்கே நிலமே அசைகிறது. ஐந்து வந்தது, இனி ஏழு வரும், அல்லது ஆறு. கையிற் போட்டுக்கொள்ளத் தாளம் இல்லை. கேட்பவன் உடம்பினாலேயே பின்தொடர வேண்டும். சில குழுக்கள் இவ்வித்தையை வித்தைக்காகவே செய்கின்றன என்பது என் எண்ணம். அவற்றைக் கேட்கும்போது, சித்திரகவி பாடும் புலவர் கூட்டத்தில் அகப்பட்டவன்போல் ஆகிவிடுகிறேன். மாணவன் இதனை ஒப்புக்கொள்வதில்லை.

இனி, மேலே சொல்லாது விட்டதைச் சொல்ல வேண்டும்.

என் தந்தையார் தவில் வித்துவான். பெரும்பெயர் பெற்றவரல்லர், வலிகாமத்துச் சிறு கோயில்களின் திருவிழாக்களே அவருடைய அரங்கு. எனக்கு எட்டு வயதாயிருந்தபொழுது கையிலே தாளத்தைத் தந்து, மேளத்தோடு என்னை நிறுத்தினார். பூவரசங் கம்பை இடக்கையிலும் விரற்கூடுகளை வலக்கையிலும் கொண்டு அவர் ஏழிலே புறப்படும்போது, "எண்ணாதை தம்பி. அதோடை நட," என்பார். நடந்தேன். எண்ணியதாக நினைவில்லை.

பின்னர் இக்கல்லூரியிற் சேர்ந்தேன். படிவமொன்றில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'கமம்' என்று எழுதினேன். எமக்கு இரண்டு பரப்புத் தோட்டம் இருந்தது. ஆகவே அது முழுப்பொய்யன்று என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். 1993ஆம் ஆண்டு, குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம். சப்பறத் திருவிழா இரவில் பெற்றோமக்ஸ் வெளிச்சத்திலே என் வகுப்பு மாணவர் மூவரைக் கண்டேன். அவர்கள் என்னைக் காணுமுன், தாளத்தைக் கற்படியில் வைத்துவிட்டுத் தேர்முட்டியின் பின்னால் ஒளிந்தேன். மல்லாரி தொடங்கியது. தாளமின்றியே ஐயா வாசித்தார். அவ்விரவு வீட்டில் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த திருவிழாவுக்கு வேறொரு பையனை அமர்த்திக்கொண்டார்.

1995 ஒக்ரோபர் 30இல் ஊரோடு இடம்பெயர்ந்தபோது தவிலைச் சாக்கிற் சுற்றி வீட்டு முகட்டிலே கட்டிவிட்டுச் சென்றோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது தோலை எலிகள் தின்றிருந்தன. பலாக் கட்டை மட்டும் இருந்தது. ஐயா புதுத்தோல் கட்டுவித்தார். இன்னும் பத்தாண்டு வாசித்தார். 2006இல் காலமானார். என்னிடம் அவர் மீண்டும் தாளத்தைத் தரவுமில்லை, நான் கேட்கவுமில்லை. ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி முடித்து, இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனாக இதே கல்லூரிக்கு வந்தபின்னும், அப்படிவத்தில் எழுதியதை நான் யாரிடமும் திருத்திச் சொன்னதில்லை.

நூற்றெண்பத்திரண்டு சொன்ன அன்று, "சேர், நீங்கள் ஏழை எங்கை பழகினீங்கள்?" என்று மாணவன் கேட்டான். "என் ஐயா தவில்காரர்," என்றேன். அவனுக்கு அது பெரிய செய்தியாகவே தோன்றவில்லை. "அப்ப உங்களுக்குப் பதினொண்டும் வரும்," என்றான்.

இப்பொழுது வெள்ளிக்கிழமைகளிற் பாடசாலை விட்டபின், சங்கீத அறையில் அவனும் தோழர் இருவரும் பழகுகின்றார்கள். முழவு வாசிக்கும் பையன் மாற்றங்களில் தடுமாறுகிறான் என்று, என்னைக் கையிலே தாளம் போடும்படி கேட்டார்கள். சென்ற வாரம் கதிரையொன்றை இழுத்துப் போட்டு அவர்கள் முன்னே உட்கார்ந்தேன். ஏழிலே தொடங்கினார்கள்; ஐந்துக்குச் சென்றார்கள்; மீண்டும் ஏழு. மூன்றாவது மாற்றத்தில் என் கை பிழைத்தது. நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். அவர்கள் நிறுத்தவில்லை. இரண்டு சுற்றுக்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்துவிட்டு, மறுபடியும் சேர்ந்துகொண்டேன்.