பீரங்கி லென்ஸும் அப்பாவும்

குருகிராமில் பொட்டி தட்டுகிற எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. 600 எம்எம் எஃப்/4 லென்ஸ். பறவைப் படம் எடுக்கிறவர்கள் பீரங்கி மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரிவார்களே, அதுதான். "அந்தக் காசுக்கு ஒரு காரே வாங்கலாம். முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாருங்க" என்று தங்கமணி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

போன நவம்பரில் ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே அவரையும் வாடகை லென்ஸையும் காரில் ஏற்றிக்கொண்டு பரத்பூர் பறவைகள் பூங்காவுக்குக் கிளம்பினேன்.

இந்த லென்ஸ் ஏன் இவ்வளவு பெரிசு? சின்னக் கணக்குதான். 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150 மில்லிமீட்டர். முன்பக்கக் கண்ணாடி ஆறு அங்குல அகலமாவது இருந்தே ஆகவேண்டும். நான் எடுத்தது கெனானின் இரண்டாம் தலைமுறை; லென்ஸ் மட்டும் 3.9 கிலோ. கேமரா, முக்காலி எல்லாம் சேர்த்தால் எட்டு கிலோ. சைக்கிள் ரிக்‌ஷாவில் நடுநாயகமாக லென்ஸ் உட்கார்ந்துகொண்டது. அப்பா ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்.

முதலில் ஒரு மீன்கொத்தி. பத்தடி தூரத்தில், போஸ் கொடுத்துக்கொண்டு! ஆனால் இந்த லென்ஸுக்குக் குறைந்தது 4.5 மீட்டர் தள்ளி இருந்தால்தான் ஃபோகஸ் ஆகும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவதற்குள் அது பறந்துவிட்டது.

வெயில் ஏறியதும் அடுத்த பிரச்சினை. தூரத்து வாத்துகள் எல்லாம் கானலில் நெளிந்தன. லென்ஸ் பெரிசானால் நெளிவும் பெரிசாகத் தெரியும், அவ்வளவுதான். கிட்டே போவதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனைக்கும் நடுவில் அப்பா "எங்கலே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் "ஒரு நிமிஷம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வெயில் தாழ்ந்தபின் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்த மரங்களுக்கு எதிரே நின்றோம். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நம்ம கூந்தன்குளத்துல இது வீட்டு வாசல் மரத்துலயே கெடக்குமே. இதுக்கு எதுக்குலே இம்புட்டுப் பெரிய குழாய்? இங்க எனக்கு வெள்ளையாத்தான் என்னமோ தெரியுது."

சுருக்கென்றது. காலையிலிருந்து அவர் ஒரு பறவையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கூட்டுக்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, "கண்ணை இங்க வைங்கப்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏலே... குஞ்சு வாயத் தொறக்குது!"

பத்து நிமிஷம் அவர் நகரவில்லை. நான் ஒரு படமும் எடுக்கவில்லை.

என் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கும், மங்கலான வெளிச்சத்தில் எடுப்பவர்களுக்கும் இந்த லென்ஸுக்கு ஈடில்லை. குடும்பத்தோடு லீவு நாளில் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு கிலோ சொச்சத்தில் கிடைக்கும் 200-600 போதும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம், பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியும்.

பீரங்கியை வாங்கவில்லை. அப்பாவுக்கு ஒரு 8x42 பைனாகுலர் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ஜனவரியில் கூந்தன்குளத்திலிருந்து போன்.

"நாரை வந்துட்டுலே. குழாயெல்லாம் தூக்கிட்டு வரவேண்டாம். நீ மட்டும் வா."