கழித்தல் குமிழ்கள்

மாட்டுங்காவில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் சொன்னார்: "நம்ம தாராவிப் பையன் ஒருத்தன் மூளை செல்லுக்கு ஊசி வைக்கிறான், போய்ப் பாருங்க." அப்படித்தான் நகரின் ஓர் ஆய்வகத்துக்குப் போனேன். தம்பிக்கு முப்பது வயதிருக்கும். அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் வேலைக்கு வந்தவர். தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் பை தைத்தார். மகன் பேட்ச் கிளாம்ப் கருவி இயக்குகிறார்.

1976-இல் ஜெர்மனியில் எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் செல் சவ்வின் ஒற்றை வாயில் வழியே ஓடும் மின்னோட்டத்தை, ஊசிமுனையைச் சவ்வில் ஒட்டவைக்கும் இந்த முறையில் அளந்து காட்டினார்கள். 1991-இல் நோபல் பரிசு. நரம்பு மின்சாரம் மும்பைக்கும் புதிதல்ல. கொலாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1962-இல் மூலக்கூறு உயிரியல் பிரிவைத் தொடங்கிய ஒபைத் சித்திக்கி, அதே 1976-இல் சீமோர் பென்சருடன் சேர்ந்து, சூடேறினால் முடங்கிப்போகும் பழ ஈக்களின் நரம்புகளைப் பற்றி எழுதினார்.

ஆய்வகத்தில் எலி மூளையைச் சீவுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, வெளியே நின்றுவிட்டேன். உள்ளே போனபோது ஊசி தயாராக இருந்தது: சூடேற்றி இழுத்த கண்ணாடிக் குழாய், முனையில் ஒரு மைக்ரான் அளவே துளை, உள்ளே உப்புக் கரைசல், அதில் வெள்ளிக் கம்பி. "அப்பா ஊசி முறிஞ்சாத்தான் மாத்துவாரு அண்ணே. எனக்கு ஒரு செல்லத் தொட்டா ஊசி தீந்துச்சு."

கருவியின் ஆம்ப்ளிஃபயர் என்றால் பெருக்கும் பெட்டி என்று நினைத்திருந்தேன். பெருக்கத்தான் செய்கிறது, ஆனால் அவர் விரல்கள் செய்தது கழித்தல். முதல் குமிழ், கம்பிக்கும் கரைசலுக்கும் இடையே தானாக எழும் மின்னழுத்தத்தைச் சுழியாக்கியது. பிறகு 5 மில்லிவோல்ட் துடிப்பு. ஊசியின் தடை 5 மெகா ஓம் என்பதால் திரையில் 1000 பிகோ ஆம்பியர் உயரத்துக்குச் சதுர அலை. செல்லைத் தொட்டதும் அலை தாழ்ந்தது. ஊசியோடு இணைந்த ரப்பர் குழாயை வாயில் வைத்து, குழந்தை இளநீர் குடிப்பதுபோல் லேசாக உறிஞ்சினார். அலை படுத்தேவிட்டது. தடை 1 கிகா ஓம். மின்னோட்டம் வெறும் 5 பிகோ ஆம்பியர். "சீல் ஆயிருச்சு."

ஓரங்களில் எஞ்சிய இரண்டு முட்கள் கண்ணாடிச் சுவரில் மின்னேறுவதால் வருபவை. இன்னொரு குமிழ் அவற்றை மழித்தது. மறுபடி ஓர் உறிஞ்சல். சவ்வு உடைந்து பெரிய முட்கள் எழுந்தன. அடுத்த இரு குமிழ்கள் அவற்றுக்கு. பேராசைப்பட்டுத் திருகினால் கோடு அலைபாய்ந்து செல்லே செத்துப்போகும். "நம்மால வந்ததக் கழிச்சா மிஞ்சறதுதான் செல்லோட பேச்சு."

ஊசியைத் தாங்கும் ஹெட்ஸ்டேஜ் போன மழைக்காலத்தில் கெட்டுப்போனதாம். ஏஜென்ட் வெளிநாட்டுக்கு அனுப்பினார். திரும்பி வர மாதக்கணக்காயிற்று. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காத அவர் கைக்கும் ஒரு பங்கு. பெட்டிக்கும் ஆண்டு ஒப்பந்தம், தம்பிக்கும் ஆண்டு ஒப்பந்தம். தவறாமல் புதுப்பிக்கப்படுவது பெட்டியுடையது மட்டும். பை தைத்த அப்பாவுக்கும் கடைக்காரருக்கும் நடுவில் நின்ற அதே தரகர்தான் இங்கே டை கட்டி வந்திருக்கிறார் என்று ஆரம்பித்தேன். ஆவேசத்தில் மேஜை விளிம்பில் கையை ஊன்றிவிட்டேன். அதிர்வு படாதிருக்கக் காற்றில் மிதக்கும் மேஜை அது. திரையில் கோடு சரிந்து கீழே ஓடியது.

"கைய எடுங்கண்ணே."

செல் போயிருந்தது. ஊசியைக் கழற்றிக் கண்ணாடிக் குப்பையில் போட்டார். அடுத்ததைப் பொருத்திவிட்டு, முதல் குமிழில் விரல் வைத்தார்.