பாசியும் பாசியும்

தமிழில் ‘பாசி’ என்னும் சொல்லுக்கு வீடுகள் பல. குளத்து நீரின்மேல் பச்சைப் போர்வையாய்க் கிடப்பதும் பாசி. கிணற்றுப் படியில் காலை வழுக்கச் செய்வதும் பாசி. மழைக்குப் பின் கோயில் மதிலில் பட்டுத் துணிபோல் விரிவதும் பாசி. சிறுமியர் கழுத்தில் அணியும் மணி பாசி. சமையலறைப் பயறும் பாசி. அறிவியல் பாடநூல் எழுதியோர் இப்பரந்த சொல்லை ஆல்கா என்னும் எளிய நீர்வாழ் உயிருக்கு உரியதாக்கினர். மதில்மேல் விரியும் மற்றதற்கு மாஸ் என்ற ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொண்டனர். மாஸுக்குத் தண்டு உண்டு, இலை உண்டு. வேர் மட்டும் இல்லை, பற்றிக்கொள்ள மெல்லிய இழைகள் உள்ளன. ஆல்காவுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. தாவரவியலார்க்கு இவ்வேறுபாடு பெரிது. எங்கள் ஊராருக்கோ இரண்டும் பாசிதான். பங்கு இல்லத்தில் உள்ள மீன்தொட்டியில் ஒரு பாசியை வளர்க்கவும் மற்றொரு பாசியை அடக்கவும் நான் படும் பாட்டை அவர்களுக்கு விளக்குவது எனக்கு இன்றுவரை கைகூடவில்லை.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பங்கு எங்களுடையது. கடலில் பிடித்த மீனைக் கரையில் விற்று வாழும் மக்களுக்கு, உண்ணாத மீனைக் கண்ணாடிக்குள் வளர்க்கும் பங்குத்தந்தை ஒரு வேடிக்கைப் பொருள். தொட்டி இரண்டடி நீளம். அறுபது லிட்டருக்குச் சற்று அதிகமாக நீர் கொள்ளும். அதன் பின்புறக் கண்ணாடி முழுவதையும் பச்சைச் சுவராக்க வேண்டும் என்பது என் ஆசை.

மாஸ் சுவர் எழுப்ப அதிகப் பொருள் வேண்டியதில்லை. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற இடம். அங்கிருந்து ஒரு கைப்பிடி ஜாவா மாஸை ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுவந்தேன். பெயரில்தான் ஜாவா, நெடுங்காலம் வேறொரு மாஸின் அறிவியல் பெயரைச் சுமந்து திரிந்த இச்செடியை இன்று டாக்ஸிஃபில்லம் பார்பியேரி என்பர். சதுரக் கண் உள்ள பிளாஸ்டிக் வலையில் ஒரே அளவாக இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றின்மேல் மாஸைப் பரப்பி, மற்றதை அதன்மேல் வைத்துச் சுற்றிலும் தைத்துவிட வேண்டும். தையலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லாத தங்கூசி நரம்பே போதும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணங்களை மூலைக்கு ஒன்றாகப் பொருத்தினால் வலை சுவரோடு நிற்கும். இதில் கவனிக்கவேண்டியது ஒன்றே: மாஸைத் தடிப்பாக அடைக்கக் கூடாது. பின்னாலுள்ள வலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பரப்ப வேண்டும். நெருக்கி அடைத்தால் உள்ளிருப்பவை ஒளியின்றிப் பழுத்து அழுகும்.

பிறகு காத்திருத்தல். குளிர்ந்த நாட்டில் எட்டு வாரத்தில் வலை மறையும் என்கின்றனர். இது வெப்பம் மிகுந்தால் சோரும் செடி. 20 முதல் 26 பாகை செல்சியஸ் வரை அதற்கு உகந்த நீர். எங்கள் கரையில் மே மாதத் தொட்டி நீர் 32 பாகையைத் தொடும். நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால், ஆவியாதலால் இரண்டு மூன்று பாகை குறையும். மின்தடை வந்தால் அதுவும் இல்லை. ஆகவே எங்கள் சுவர் எழும்ப நான்கு மாதங்களுக்கு மேலாயிற்று. கரியமில வாயு உருளைகளை வாங்கிச் செலுத்துவோரும் உண்டு. மாஸுக்கு அது கட்டாயமன்று. பங்கு மக்களின் காணிக்கையில் வாழும் ஒருவனுக்கு அது தகுவதுமன்று.

இந்த நான்கு மாதத்தில்தான் மற்றப் பாசி வந்தது. முதலில் வருவது கண்ணாடியில் தவிட்டு நிறப் பூச்சு. டயாட்டம் என்னும் இந்நுண்ணுயிர் மணலின் சத்தாகிய சிலிக்காவால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்வது. புதுத்தொட்டிகளில் எல்லாம் தோன்றிச் சில வாரங்களில் தானே மறையும். அடுத்தது கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள். பழைய பிளேடால் சுரண்டினால் போகும். மூன்றாவதுதான் தொல்லை. நூல்நூலாய் நீளும் பச்சை இழை, மாஸின் கிளைகளுக்குள் புகுந்து பின்னிக்கொள்ளும். எது வளர்த்தது, எது வந்தது என்று விரல் பிரித்தறியாது.

இது ஏன் வருகிறது? மீனின் கழிவிலிருந்தும் உண்ணாமல் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. வடிகட்டியில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை நீரில் உணவு மிகுதி, ஒளியும் மிகுதி; உண்பதற்கான மாஸோ இன்னும் குழந்தை. ஒருவரும் உட்காராத விருந்துப் பந்தியில் ஆல்கா வந்து அமர்கிறது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு ஞாயிறு மறைக்கல்வி முடிந்து வரும் சிறுவர்கள் மீனுக்குப் பொரி போட்டார்கள். அன்புக்குத் தடைபோட மனமில்லை. பொரிப் பொட்டலத்தை மட்டும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலானேன்.

கோயில்பிள்ளைப் பெரியவர் ஒருநாள் தொட்டியைப் பார்த்துவிட்டு, “சாமி, ஒரு சிட்டிகை துத்தம் போட்டா ரெண்டே நாள்ல தண்ணி பளிங்காயிடும்” என்றார். தவறான பேச்சன்று. மயில்துத்தம் என்னும் தாமிர சல்பேட்டு ஆல்காவைக் கொல்வது உண்மை. குளங்களில் நெடுநாளாக அதற்கென்றே இடப்படுவது. ஆயின் ஆல்காவைக் கொல்லும் தாமிரம் அங்கே நிற்பதில்லை. நத்தையும் இறாலும் அதைத் தாங்கா. மாஸின் இலை ஒரே ஓர் உயிரணுத் தடிப்புடையது. வேரில்லாததால் உடல் முழுவதாலும் நீரைப் பருகுவது. நஞ்சையும் அவ்வாறே பருகும். மேலும், செத்த ஆல்கா நீரிலேயே அழுகி மீண்டும் அம்மோனியா ஆகும். அதுவே அடுத்த ஆல்காவுக்கு உரம். பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “மாஸும் போய்விடும்” என்றேன். “அதுவும் பாசிதானே சாமி” என்றார்.

கண்ணாடிக்குள் இச்சிக்கலைச் சந்தித்த முன்னோர் சிலர் உண்டு. லண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் கண்ணாடிக் கலத்தில் இரு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்து, ஒன்றன் மூச்சு மற்றதற்கு உணவாகுமா என்று பார்த்தார். மீன்கள் நலமாயிருந்தன. ஆனால் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. கண்ணாடியில் பச்சை படர்ந்தது. அவர் மருந்தொன்றும் இடவில்லை. குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகிய இலையையும் பச்சையையும் மேய்ந்தன, கலம் தெளிந்தது. 1850 இல் அவர் இதை லண்டன் வேதியியல் கழகத்துக்கு அறிவித்தார். நான்கு ஆண்டு கழித்து, 1854 இல், பிலிப் ஹென்றி காஸ் தம் நூலுக்கு ‘அக்வேரியம்’ என்று பெயரிட்டபின் அச்சொல் ஊரெங்கும் பரவிற்று. எனக்கு வாரிங்டனின் நத்தைகள்மேல் தனி மதிப்பு. மூன்றாவதாக ஓர் உயிர் வந்தபிறகே மற்ற இரண்டும் இணங்கி வாழ்ந்தன.

நம் காலத்தில் இக்கலையைப் பெரிதாக்கியவர் ஜப்பானின் நீகாத்தா நகரைச் சேர்ந்த தகாஷி அமானோ. 1954 இல் பிறந்தவர், மிதிவண்டிப் பந்தய வீரர், நிழற்படக் கலைஞர். காடும் மலைச்சரிவும் நீருக்குள் இருப்பதுபோன்ற தொட்டிகளை அமைத்தார். அவரும் ஆல்காவுக்கு எதிராக ஏவியது ஒரு சிறு இறாலையே. இன்று உலகமெங்கும் அதை அமானோ இறால் என்றே அழைக்கின்றனர். போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் நாற்பது மீட்டர் நீளமுள்ள தொட்டி ஒன்றை 2015 இல் அமைத்து முடித்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே மறைந்தார்.

என் தொட்டியில் அமானோ இறால் இல்லை. சிவப்புச் செர்ரி இறால்கள் பத்துப் பன்னிரண்டு உண்டு. மாஸுக்குள் நுழைந்து நாளெல்லாம் கொறிக்கின்றன. எஞ்சியது என் கைவேலை. பழைய பல்துலக்கியை மாஸுக்குள் மெல்லச் செருகித் திருகினால், நூல் ஆல்கா சேமியாபோல் அதில் சுற்றிக்கொண்டு வரும். மாஸிலும் சிறிது பிய்ந்து வரும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோதுமையும் களைகளும் பற்றிய உவமையை நான் இங்கே இழுத்துவருவேன் என்று வாசகர் எதிர்பார்த்திருக்கலாம். அந்த உவமையில் வீட்டுத் தலைவர் களையைப் பறிக்க வேண்டாம் என்கிறார். அவருக்கு அறுவடை நாள் ஒன்று உண்டு. மீன்தொட்டிக்கு அறுவடை நாள் இல்லை. ஆகவே வாரந்தோறும் பறிக்கிறேன். விளக்கை நாளுக்கு ஆறு மணி நேரமாகக் குறைத்தேன். வாரம் ஒரு குடம் நீரை இறைத்துவிட்டு ஒரு குடம் ஊற்றுகிறேன்.

அந்த ஒரு குடத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் கிணறு உவர். குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறார்கள். மீனுக்கென்று ஒரு குடம் நன்னீர் என்பது பெண்கள் கண்ணில் படாமல் இருக்காது. பங்கு இல்லக் கூரையின் மழைநீரைச் சிமெண்டுத் தொட்டியில் பிடித்து அதையே பயன்படுத்துகிறேன்; இறைத்த நீர் பின்புறத்து முருங்கைக்குப் போகிறது. மழைநீர் தீரும் வைகாசியில் அதற்கும் விலைநீர்தான். அந்த மாதங்களில் மாற்றும் நீரைப் பாதியாக்கி, மீன் தீனியையும் பாதியாக்கிவிடுவேன்.

அப்பெண்களில் பலர் பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பாறைகளிலிருந்து கடற்பாசியைப் பறிப்பவர்கள். அதிலிருந்துதான் அகர் எடுக்கப்படுகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ஐயும் 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபின், போகும் இடமும் குறைந்தது, கிடைப்பதும் குறைந்தது. ஒருநாள் பல்துலக்கியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து ஓர் அம்மா சொன்னார்: “நாங்க பாசி கிடைக்காதான்னு கடலுக்குப் போறோம், நீங்க பாசி வந்திருச்சேன்னு கவலப்படுறீங்க சாமி.” சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் துலக்கியில் சுற்றி எறிவதும் அவர் பறித்து விற்பதும் ஆல்கா என்ற ஒரே பெயருக்குள் அடங்குபவை. உலகில் ஒளிச்சேர்க்கையால் பிறக்கும் உயிர்வளியில் ஏறத்தாழப் பாதி கடலின் நுண்பாசிகள் தருவது.

கடலிலும் பாசி தொல்லையாகும் இடம் உண்டு. வருமானத்துக்காக வளர்க்கப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் படர்ந்து மூடியதை 2008 இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அந்த அம்மாவுக்கு அதுவும் தெரிந்திருந்தது. பாறையிலிருந்து பாசியைப் பறிக்கும்போது அடியை விட்டுவிட்டு நுனியைக் கிள்ள வேண்டும், அப்போதுதான் அடுத்த முறைக்கு இருக்கும் என்று அவர் தொட்டி முன்னால் நின்று கையால் காட்டினார். மாஸ் சுவரையும் அவ்வாறே கத்தரிக்க வேண்டும். மிக வளரவிட்டால் உள்ளடுக்கு இருண்டு பழுத்து, சுவர் முழுதும் பிடிவிட்டுச் சரியும். வெட்டிய துணுக்குகளை விடாமல் வலையால் அள்ளிவிட வேண்டும். விரல்நுனி அளவு துணுக்கும் வடிகட்டிக்குள் போய் முளைக்கும்.

இப்போது சுவர் நிறைந்திருக்கிறது. நூல் ஆல்கா ஒரு மூலையில் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், இறால்களுக்கு மேய்ச்சல் வேண்டும். இந்தப் பங்கில் எனக்கு இது ஐந்தாம் ஆண்டு. மே மாதத்தில் மாற்றல் பட்டியல் வரும். என் பெயர் அதில் இருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வருகின்ற பங்குத்தந்தைக்கு மீன்தொட்டியில் விருப்பம் உண்டோ, அது இடத்தை அடைக்கும் பொருளோ, அறியேன். கண்ணாடித் தொட்டியைப் பேருந்தில் கொண்டுபோக முடியாது. வலையைக் கழற்றி ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போகலாம். மாஸ் அதைத் தாங்கும். இரண்டு பலகையில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுச்செல்லலாம் என்றிருக்கிறேன். விட்டுச்செல்வதைக் கோயில்பிள்ளைப் பெரியவர் பார்த்துக்கொள்வார். துத்தம் போடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

பங்குப் பள்ளி ஆசிரியை ஒருவர் உள்ளங்கை அளவு வலைத்துண்டு ஒன்றில் மாஸ் கேட்டு வாங்கிப்போனார். ஊறுகாய் ஜாடியில் நீர் நிரப்பி, சன்னல் வெயில் நேரே படாத இடத்தில் வைத்திருக்கிறார். சென்ற வாரம் கண்ணாடியெல்லாம் தவிட்டு நிறமாகிவிட்டது, செடி செத்துவிடுமோ என்று கலங்கிக்கொண்டு வந்தார். மூன்று வாரம் பொறுக்கச் சொல்லி, வாரிங்டனின் வழியில் இரண்டு நத்தைகளையும் கொடுத்தனுப்பினேன்.