பெத்தது ஒன்பது, தங்கினது மூணு

எங்கள் பாட்டிகளிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால் ஒரே எண்ணாக வராது. "பெத்தது ஒன்பது, தங்கினது மூணு" என்பார்கள். புதுச்சேரிக்கு அருகே விவசாயக் கூலியாகவும் பிரசவம் பார்ப்பவராகவும் வாழ்ந்த வீரம்மா பெற்றது 12, தங்கியது 3. அவர் சொன்ன வாழ்க்கைக் கதை 1997இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது.

சமூகவியல் வகுப்பில் இதற்குக் காரணம் 'அறியாமை' என்றார்கள். நாங்களும் அதையே எழுதி மதிப்பெண் வாங்கினோம். இப்போது நினைத்தால் கூசுகிறது.

நிறைமாதத்திலும் நடவு. வலி கண்டால் வரப்பேறி வீடு. கதிர் அறுத்த அரிவாளே கொடியையும் அறுக்கும். ஒரு வாரத்தில் பிள்ளையின் தாடை இறுகும், பால் இறங்காது, உடம்பு வில்லாக வளையும். பேய் அடித்தது என்றார்கள். அது ரணஜன்னி. கர்ப்பத்திலேயே ஊசி போட்டால் தடுக்கலாம்.

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அம்பேத்கர். பெற்றோருக்கு 14ஆவது பிள்ளை. தன் ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பறிகொடுத்தவர். அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஆலைப் பெண்களுக்கானது. 1961இன் மகப்பேறு நலச் சட்டமும் ஆலை, சுரங்கம், தோட்டத்தோடு நின்றது. நெல்வயலில் இறங்கவில்லை.

எங்கள் பாட்டிகளை ஊர்த்தெருப் பிரசவத்துக்குக் கொல்லைப்புறமாகத்தான் அழைத்தார்கள். பிள்ளையை ஏந்திய கை வெளியேறியதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். கூலி முறத்தில் நெல்.

தோழர்களே, பாட்டி இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள்: எத்தனை தங்கியது, தங்காததற்குப் பெயர் வைத்திருந்தார்களா என்று.