மூலைப் பூக்கள்

கருநாடக மாநிலத்தின் வட கன்னட மாவட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் காடுகளை அடுத்துச் சித்தியர் என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்தம் முன்னோர் ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர். கோவாவினின்று தப்பிக் காடு புகுந்தோரும் அவருட் பலர். 2003ஆம் ஆண்டில் அரசு இவர்களைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்த்தது. இவ்வினத்து மகளிர் பழந்துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வை 'கவந்தி' எனப்படும்.

அங்கு ஒரு சிற்றூரிற் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். அவள் தமக்கை கருவுற்றிருந்தாள். பெருமழைக் காலத்தில் மகப்பேறு. மண்தரையோ ஈரம் கசியும். குடும்பத்திற் கவந்தி தைப்பவள் பாட்டி. அவ்வாண்டு அவளுக்குக் கண் மங்கிவிட்டது. ஆதலின் ஊசி சிறுமியின் கைக்கு வந்தது.

பாட்டி பழஞ்சேலை ஒன்றைத் தரையில் விரிக்கச் செய்தாள். அதன் ஓரத்தினின்று தொடங்கித் துண்டுகளை ஒன்றையொன்று தழுவ வைத்து, நைந்த விளிம்பை உள்மடித்து, ஓட்டுத் தையலாற் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லுதல் வேண்டும். தையலைத் 'துன்னம்' என்றனர் நம் முன்னோர். நெருங்கி அமைதலே அதன் அழகு. சிறுமியின் துன்னமோ விரலகலம் விட்டுவிட்டு ஓடிற்று. பாட்டி கண்ணாற் காணாததை விரலாற் கண்டாள்.

"இந்த இடைவெளியிற் குழந்தையின் கால்விரல் சிக்காதோ?" என்றாள். மூன்று சுற்றுகள் பிரிக்கப்பட்டன.

பின்னர்ச் சிறுமி நூலை இறுக இழுத்தாள், துணி சுருங்கிற்று. தளர விட்டாள், தளர்ச்சியெல்லாம் நடுவிற் சென்று திரண்டது. ஓரத்தில் உற்ற பிழை ஓரத்தில் தோன்றுவதில்லை. நடுவை அணுகும்போதே தலைகாட்டும். அங்கே துணி குடத்தின் வயிறுபோற் புடைத்து நின்றது. அதனை மடித்து மறைக்க முயன்றாள். பாட்டியின் விரல் அம்மடிப்பையும் கண்டது. மீண்டும் பிரித்தாள். விரல் நுனியிற் குருதி கசிந்தது. இரண்டு நாள் ஊசியைத் தொடவேயில்லை. மூன்றாம் நாள், தமக்கை சுவரைப் பற்றி எழுவதைக் கண்டாள். ஒன்றும் பேசாது துணியை மடியில் இட்டுக்கொண்டாள்.

வைகாசி இறுதியில் நடுத்துண்டு பொருந்திற்று. மேற்கே கருமுகில் எழுந்தது. சிறுமி மகிழ்ந்து போர்வையை மடிக்கலுற்றாள்.

"மூலைகளைத் தடவினேன், பூவைக் காணோமே!" என்றாள் பாட்டி.

துணியை முக்கோணமாய்ப் பலவாறு மடித்து நான்கு மூலைகளிலும் தைப்பர்; அதற்குப் 'பூலா' என்று பெயர்; பூ என்பது பொருள்.

"பூ இல்லாத கவந்தி ஆடையில்லாத கவந்தி. பிள்ளைக்கு அதையா போர்த்துவது?"

சிறுமிக்கு அழுகை வந்தது. பூ இல்லையேற் குளிர் புகுமோ என்று அவள் எண்ணியிருக்கலாம். அவ்வெண்ணத்தைப் பிழையென்று எவ்வாறு கூறுவது? ஆயினும் அமர்ந்தாள். முதற்பூ கோணிற்று. இரண்டாவதும் கோணிற்று. நான்காவதைத் தைக்கும்போது கூரைமேல் மழைத்துளி விழும் ஒலி கேட்டது, அவள் தலைநிமிரவில்லை.

பாட்டி நான்கு மூலைகளையும் மெல்லத் தடவிப் பார்த்தாள். கோணலைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியினின்று மற்றொரு பழஞ்சேலையை எடுத்து, "எனக்கு ஒன்று வேண்டும், ஊசியில் நூலைக் கோத்துத் தா" என்றாள்.