விஷமம்

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பாட்டி தினம் பத்துத் தடவையாவது உச்சரித்த ஒரு வார்த்தையை, இப்போது அந்த வீதியிலேயே கேட்க முடிவதில்லை. குழந்தைகள் சேட்டை செய்கின்றன. வளர்ந்த பிள்ளைகள் லூட்டி அடிக்கிறார்கள். விஷமம் பண்ணுவாரைத்தான் காணோம். பத்திரிகைகளில் ‘விஷமிகள்’ மட்டும் மிச்சமிருக்கிறார்கள். ஆனால் வதந்தி பரப்பும் அந்தக் கூட்டத்துக்கும் பாட்டியின் விஷமத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

விஷத்திலிருந்து பிறந்த சொல் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். திருச்சியில் எனக்கு வடமொழி போதித்த வாத்தியார்தாம், சமம் குலைந்தது எதுவோ அதுவே விஷமம் என்றும், ஒற்றைப்படை எண்ணுக்கும் அடிகள் ஒத்துவராத விருத்தத்துக்கும் விட்டுவிட்டு வரும் ஜ்வரத்துக்கும்கூட அந்தப் பெயர் உண்டென்றும் சொல்லி, என் அறியாமையைப் போக்கினார்.

பெரியாழ்வாரின் கண்ணன், வெண்ணெயைத் தின்று தீர்த்ததோடு நில்லாமல், காலிப் பாத்திரத்தைக் கல்லில் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டு ரசிக்கிறான். தின்றது திருட்டு, ஒருவருக்கும் காலணா லாபமில்லாத அந்தச் சத்தம் இருக்கிறதே, அதுதான் அசல் விஷமம். ஆண்டாள் அவனுடைய குறும்பைத் ‘தீமை’ என்றே சொல்லிவிடுகிறாள். அந்தத் தீமையிலும் விஷம் கிடையாது. ஊத்துக்காடு வேங்கடகவி அவனை ‘விஷமக்காரக் கண்ணன்’ என்று பாடியது, ஏதோ ஒரு பாட்டியின் வாயிலிருந்து பிடுங்கிய பிரயோகமாகத்தான் இருக்க வேண்டும்.

என் பங்குக்கு நானும் ஒரு ஸ்ரீஜயந்தியன்று, உள்ளே சாத்துமுறை நடந்துகொண்டிருக்கையில், வாசலில் கிடந்த செருப்புகளையெல்லாம் ஜோடி மாற்றி, ஆனால் வெகு ஒழுங்காக, வரிசைப்படுத்தி வைத்தேன். இருட்டில் அகப்பட்டதை மாட்டிக்கொண்டு கிளம்பிய உறையூர் மாமா, ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாகக் காவேரிப் பாலம் வரைக்கும் நடந்துபோன பிறகுதான் விஷயத்தை உணர்ந்து, அத்தனை தூரமும் திரும்பி வந்தார். அப்பா கையை ஓங்கினார். “ஸ்ரீஜயந்தியும் அதுவுமா கொழந்தைமேல கை வெக்காதேடா” என்று குறுக்கே வந்த பாட்டி, “விஷமம், உடம்பு பூரா விஷமம்!” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்து, கையில் இரண்டு சீடையையும் வைத்தாள். சமம் குலைந்தது என்பதற்கு அந்தச் செருப்புகளைவிட நல்ல உதாரணம் வாத்தியாருக்கே கிடைத்திராது.

மறு வருஷம் மாமா செருப்பை வாசலில் விடவில்லை. கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போனார்.